மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

மகளின் பிளேட்லெட் (ரத்தப்போக்கை நிறுத்த ஒன்றோடொன்று ஒட்டும் நுண்ணிய ரத்த அணு) ஒட்டும் திறன் பரிசோதனையில் ஒரு வரிக்கு 'பதில் இல்லை' என்று வந்ததைப் பார்த்து, கிளான்ஸ்மன் நோயா, ரத்தப் புற்றுநோயா என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு, பிறவியிலேயே பிளேட்லெட் ஒட்டாத கிளான்ஸ்மன் நோய் இல்லை. அந்த நோய் இருந்தால், பிளேட்லெட்டைத் தூண்ட ஆய்வகத்தில் சேர்க்கும் ஏடிபி, கொலாஜன், எபிநெப்ரின், அராக்கிடோனிக் அமிலம் என எதை ஊற்றினாலும் பிளேட்லெட் ஒட்டாது. ரிஸ்டோசெடின் என்ற இன்னொரு தூண்டுபொருளுக்கு மட்டும் அசையும். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ஏடிபிக்கும் கொலாஜனுக்கும் வரைகோடு மேலே ஏறியிருக்கிறது. ரத்தப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இது அல்லவே அல்ல. பிளேட்லெட் எண்ணிக்கை 2,40,000, மற்ற அணுக்களும் சரியாக இருக்கின்றன. 19 வயதுப் பெண்ணை உட்காரவைத்து இரவெல்லாம் இணையத்தில் நோய்ப் பெயர் தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

'அராக்கிடோனிக் அமிலம்: பதில் இல்லை' என்ற வரிக்கான விடையைக் கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தலைவலிக்கு வாரம் இரண்டு மூன்று முறை கடையில் வாங்கும் மாத்திரை. அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்பிரின் என்ற சொல் இல்லாமல் 'அசிட்டைல் சாலிசிலிக் அமிலம்' என்று பொடி எழுத்தில் இருக்கலாம். இரண்டும் ஒன்றுதான்.

பரிசோதனையில் நடப்பது இது. உறையாமல் தடுக்கும் சிட்ரேட் குழாயில் எடுத்த ரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா மேலே கலங்கலாக நிற்கும். அதைச் சிறு கண்ணாடிக் குழாயில் 37 டிகிரி சூட்டில் கலக்கிக்கொண்டே ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஏடிபி போன்ற தூண்டுபொருளைச் சேர்த்ததும் பிளேட்லெட்டுகள் கட்டிகட்டியாகச் சேரும், கலங்கல் தெளியும், ஒளி கூடுதலாக ஊடுருவும், வரைகோடு ஏறும். 1962-இல் வந்த முறை, இன்றும் அடிப்படை இதுதான்.

அராக்கிடோனிக் அமிலத்தை பிளேட்லெட்டுக்குள் இருக்கும் ஒரு நொதி தான், பிளேட்லெட்டுகளை ஒட்டத் தூண்டும் திராம்பாக்சேனுக்கான மூலப்பொருளாக மாற்ற வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைச் செய்துகொள்ள முடியாது; தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முடியும்வரை அப்படியேதான் கிடக்கும். கோடு தரையோடு படுத்திருப்பது அதனால்தான். எபிநெப்ரினுக்கான பதில் குறைவாக இருப்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும்கூட அது குறையும்.

பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்களும் அரிதாக உண்டு. அவர்களுக்கும் கோடு இதே மாதிரிதான் வரும். ஆகவே 14 நாள் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வகை எதுவும் இல்லாமல், தலைவலிக்குத் தேவையானால் அளவோடு பாராசிட்டமால் மட்டும் எடுத்து, மறுபடி பாருங்கள். (ஸ்டென்ட் வைத்ததற்காகவோ மாரடைப்புக்காகவோ ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது.) அன்று காலை கொழுப்புள்ள உணவு வேண்டாம், பிளாஸ்மா பால்போலக் கலங்கினால் ஒளி அளவு கெடும். காபியும் வேண்டாம். இயந்திரம் இருக்கும் ஆய்வகத்துக்கே நேரில் போங்கள். குழாயைக் குறிவரை நிரப்ப வேண்டும், குலுக்கக் கூடாது, ஐஸில் வைக்கக் கூடாது, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அராக்கிடோனிக் அமிலம் காற்றுப்பட்டுக் கெட்டாலும் 'பதில் இல்லை' என்றே வரும். அதே நாளில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

தொடையில் காசளவு நீலத் திட்டு, பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம்: இந்த இரண்டை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஈறைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் பாதி வரியில் கடந்துபோன விஷயம். மாதவிலக்கில் மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, 8 நாள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது என்கிறீர்கள். 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது ஆறுதல் இல்லை, பரம்பரைத் தடயம். பிளேட்லெட்டைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதம் குறையும் வான் வில்லபிரண்ட் குறைபாடு இப்படித்தான் குடும்பத்தில் ஓடும். லேசான குறைபாட்டில் ரிஸ்டோசெடின் கோடு சரியாகவே வரலாம், அதனால் இந்த அறிக்கையை நம்பி அதை ஒதுக்க முடியாது. வான் வில்லபிரண்ட் ஆன்டிஜென் (அந்தப் புரதத்தின் அளவு), அதன் செயல்திறன், ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய நான்கையும் இந்த வாரமே பாருங்கள், உங்களுக்கும் சேர்த்து. அறிக்கையோடு ரத்தநோய் நிபுணரிடம் போங்கள்.

மகளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இருப்பதை, வீக்கமோ காய்ச்சலோ இல்லையென்றால், முடிவுகள் வரும்வரை தள்ளிப்போடுங்கள். தள்ள முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் மாதவிலக்கு விவரத்தை முதலில் சொல்லுங்கள், மாத்திரை விவரத்தைப் பிறகு. இதற்கிடையில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் நாப்கின் தொடர்ந்து நனைந்து, தலைசுற்றலோ படபடப்போ வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.