டாக்டரைக் கேளுங்கள்: சுருக்குக் கம்பி

கேள்வி: தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. சட்டப்படி, வதை இல்லாமல் சுருக்கு வைக்க வழி உண்டா?

பதில்: எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லையே! இந்தியா என்றால் வைக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதிலேயே சுருக்கையும் சேர்த்திருக்கிறது. எதுவும் சிக்கியிருக்க வேண்டியதில்லை, முயற்சி செய்தாலே குற்றம்தான். வேல்ஸ் 2023-லும் ஸ்காட்லாந்து 2024-லும் அடியோடு தடை செய்துவிட்டன. இங்கிலாந்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தானே பூட்டிக்கொள்ளும் சுருக்கைத் தடுத்தது. மற்றதை வைத்தவர் தினம் ஒரு முறையாவது போய்ப் பார்த்தாக வேண்டும் என்றது.

அனுமதி உள்ள இடங்களில் சொல்லப்படும் பக்குவம் இதுதான்: விலங்கு இழுப்பதை நிறுத்தினால் கம்பி தளர வேண்டும். ஓர் அளவுக்கு மேல் இறுகாதபடி அதில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வந்தாலும் முறுக்கு ஏறாமல் இருக்கச் சுழலும் இணைப்பு வேண்டும். வேலிக்கோ கிளைக்கோ பக்கத்தில் வைக்கக் கூடாது, தாவினால் தூக்குதான்.

சரி, இவ்வளவும் செய்தாலும் வருவது பன்றியா, கன்றா என்று கம்பிக்குத் தெரியுமா? நான் கால்நடை மருத்துவன். சுருக்கு வைத்துப் பழக்கமில்லை, அறுத்துத்தான் பழக்கம். ஒருமுறை ஒரு வீட்டு நாயைத் தூக்கி வந்தார்கள். காயம் எதுவும் கண்ணில் படவில்லை, நாற்றம் மட்டும் அடித்தது. கழுத்து ரோமத்தை விலக்கினால் சுற்றிலும் ஈரமாக ஒரு கோடு. பைக் கிளட்ச் ஒயர்! பிய்த்துக்கொண்டு தப்பி வந்திருக்கிறது. ஆனால் வளையம் தோலுக்குள் இறங்கி, மேலே சதையே மூடிவிட்டது. பிழைத்தது, ஆனால் குரைப்பு கரகரப்பாகவே நின்றுவிட்டது.

பன்றிக்கு வேலி போடுங்கள். அது தாண்டுவதைவிட அடியில் முட்டி நுழையத்தான் பார்க்கும். அதனால் கீழ்ப்பக்கத்தைப் பலப்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், செத்துப்போவது மனிதராகவும் இருக்கலாம்.

கேள்வி: சுருக்கில் துடிக்கும் விலங்கைப் பார்த்தால் நாமே அறுத்து விடலாமா?

பதில்: கை பரபரக்கும், தெரியும். ஆனாலும் வேண்டாம். கடி வாங்குவது ஒரு பக்கம். மணிக்கணக்கில் திமிறிய விலங்கின் தசைகள் சிதைந்திருக்கும். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். எழுந்து ஓடியதே என்று நாம் சந்தோஷப்பட்டிருப்போம், சில நாளில் புதருக்குள் செத்துக் கிடக்கும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கூட்டத்தை விலக்குங்கள். செல்போனில் படம் எடுக்க முண்டுகிறவர்களை முதலில். மயக்க ஊசி போட்டு, கம்பியை எடுத்து, கண்காணிப்பில் வைப்பது அவர்கள் வேலை.

அப்புறம், அதே தடத்தில் சுற்றுவட்டாரத்தையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சுருக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்துவதில்லை.