கட்டிலுக்கு அடியில ரெண்டு பெட்டி பவுடர், போட்ட காசு திரும்ப வருமா?

வாசகி ஒருத்தர் எழுதியிருக்காங்க, சுருக்கமா சொல்றேன். கூடப் படிச்ச தோழி கூப்பிட்டாங்கன்னு ஒரு ஹோட்டல் ஹால் மீட்டிங்குக்கு போயிருக்காங்க, ஹெல்த் சப்ளிமென்ட் விக்கிற நெட்வொர்க் கம்பெனி. மூணு தவணையா 42,000 ரூபாய்க்கு பவுடர், ஜூஸ், மாத்திரைன்னு வாங்கிட்டாங்க, "உனக்கு கீழ ரெண்டு பேரை சேர்த்துட்டா போட்டது வந்துடும்"னு சொல்லித்தான் வாங்க வச்சிருக்காங்க. இவங்க சேர்த்த ஒரே ஆள் சொந்த சித்தி. மாமனாருக்கு பத்து வருஷமா சுகர், தோழிக்கு மேல இருக்கற லீடர் வாட்ஸ்அப் வாய்ஸ்ல "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்க, மூணு மாசத்துல சுகர் போயிடும்"னு சொல்லியிருக்கார், நிறுத்தினாங்க, சுகர் 380க்கு போச்சு. கேட்டா "கழிவு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்"னு பதில். இப்ப சித்தி காசு கேக்கறாங்க, குடும்ப குரூப்ல இவங்க "இது ஏமாத்து வேலை, யாரும் சேராதீங்க"ன்னு போட்டதுக்கு லீடர் மானநஷ்ட வழக்கு போடுவேன்னு மிரட்டறார். பணம் வருமா, நான் மாட்டுவேனான்னு கேக்கறாங்க.

சகோதரி, முதல்ல சட்டம் இல்லாத ஒரு விஷயம். மாமனாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் என்னென்ன குடிச்சார், எத்தனை நாள் குடிச்சார்னு டப்பாவோட காட்டுங்க. மூலிகை தானேன்னு விட்டுடாதீங்க, அஸ்வகந்தா, கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாதிரி சரக்குகளால கல்லீரல் பாதிச்சவங்களைப் பத்தி மருத்துவ உலகத்துல நிறைய பதிவாயிருக்கு. ஓபி சீட்டு, மாத்திரை நிறுத்தறதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட், அப்புறம் எடுத்த ரிப்போர்ட், எல்லாம் தேதியோட பத்திரமா வைங்க.

இந்த மாதிரி கேஸோட வர்றவங்க பத்துல ஒம்பது பேர் "சார், அந்த பவுடர்ல ஒண்ணுமே இல்ல சார், வெறும் மாவு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதை நிரூபிக்க லேப், நிபுணர்னு நாய் படாத பாடு படணும், அந்தப் பக்கம் போகவே வேணாம். டப்பாவைத் திருப்பிப் பாருங்க. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு பொருள்படற வரி பொடி எழுத்துல இருக்கும், ஹெல்த் சப்ளிமென்ட்னா அதைப் போட்டே ஆகணும்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு. பக்கத்துல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் இருக்கும். மீட்டிங்ல அந்த நம்பரைக் காட்டி "கவர்மென்டே அங்கீகாரம் குடுத்துடுச்சு"ன்னு சொல்லியிருப்பாங்க, அது உணவுப் பொருள் தயாரிக்க, விக்க குடுக்கற லைசென்ஸ், முறுக்கு கம்பெனிக்கும் அதேதான், நோயைக் குணப்படுத்தும்னு யாரும் சர்டிபிகேட் குடுக்கல. ஆக டப்பா ஒண்ணு சொல்லுது, வாய் வேற ஒண்ணு சொல்லுது. அந்த இடைவெளிதான் உங்க கேஸே.

1954ல வந்த மருந்துகள் மற்றும் மாய தீர்வுகள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, பேரைப் பார்த்து சிரிக்காதீங்க, இன்னைக்கும் அமல்ல இருக்கு. அதோட அட்டவணையில 54 நோய், கேன்சர் 6வது, சுகர் 9வது. இதையெல்லாம் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே குற்றம், முதல் தடவைக்கு ஆறு மாசம் வரை ஜெயில் இருக்கு. விளம்பரம்னா பேப்பர்ல வர்றது மட்டும் இல்ல, வாயால பண்ற அறிவிப்பையும் அந்தச் சட்டம் சேர்த்துக்குது. அதனால ஹால்ல மைக் புடிச்சு பேசினதும், அந்த வாய்ஸ் மெசேஜும் இதுக்குள்ள வரும்னு வாதாட நல்ல இடம் இருக்கு. "இது மருந்தே இல்ல சார், உணவு"ன்னு அவங்க வக்கீல் சொல்லுவார், சொல்லட்டும். உணவுன்னா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கு. மருந்துன்னா இங்க மாட்டணும், உணவுன்னா அங்க மாட்டணும். இதுக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல எழுத்துல புகார் குடுங்க, காசு செலவில்லாத வேலை.

பணத்துக்கு வருவோம். இந்த மாதிரி கடை இல்லாம ஆள் மூலமா விக்கற நேரடி விற்பனைக்குன்னே 2021 டிசம்பர்ல மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்துச்சு. அதுல உங்களுக்கு வேண்டியது ரெண்டு. ஆள் சேர்த்தா போட்ட காசை எடுத்துடலாம்னு சொல்லி பொருளை வாங்க வைக்கக்கூடாது, உங்களுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான். அடுத்தது, விக்கிற ஆள் பண்ணதுக்கு வர்ற புகாருக்கு கம்பெனியும் பொறுப்பு, "அவங்க தனிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டர், எங்களுக்கு சம்பந்தமில்ல"ன்னு கை கழுவ முடியாது. கம்பெனியில குறைதீர்ப்பு அதிகாரி ஒருத்தர் இருந்தாகணும், புகார் போனா 48 வேலை மணி நேரத்துல வந்துச்சுன்னு பதில் சொல்லி, வழக்கமா ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். ஸ்பீட் போஸ்ட்லயும் மெயில்லயும் அவருக்கு எழுதுங்க, நீங்க போட்ட ஒப்பந்தத்துல கூலிங் ஆஃப், அதாவது மனசு மாறி ஒப்பந்தத்தை விட்டு வெளிய வர்றதுக்கான அவகாசம், எத்தனை நாள், சரக்கைத் திருப்பி எடுத்துக்கற ஷரத்து என்னன்னு பார்த்து அதையும் குறிப்பிடுங்க.

அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே ஆஜராகலாம், கம்பெனி டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஒரு இடத்துலதான் இடிக்கும். மறுபடி விக்கறதுக்காக வாங்கினவங்க நுகர்வோர் இல்லன்னு சட்டம் சொல்லுது, கம்பெனிக்காரன் உங்க ஐடி கார்டையும் அக்கவுன்ட்ல போட்ட நூத்திச்சொச்சம் ரூபாய் கமிஷனையும் காட்டி "இவங்க பிசினஸ் பார்ட்னர்"னு சொல்லுவான். சுயதொழிலா பிழைப்புக்காக வாங்கினா அது வணிக நோக்கம் ஆகாதுன்னு அதே சட்டத்துலயே விளக்கம் இருக்கு, அதோட வீட்டுல குடிச்சு தீர்த்த டப்பா எல்லாம் சொந்த உபயோகம். அதனால எது மாமனாருக்கு, எது விக்கறதுக்குன்னு பில்லை ரெண்டா பிரிச்சு வைங்க, இதுல சோம்பேறித்தனம் பட்டா கேஸ் வாசல்லயே நிக்கும்.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். ஆள் சேர்த்தா காசுன்னு ஓடற திட்டங்களைத் தடை பண்ற 1978 பணச்சுழற்சித் திட்ட தடைச் சட்டத்துல போலீஸ்ல புகார் குடுக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. குடுக்கலாம், மூணு வருஷம் வரை தண்டனை இருக்கற சட்டம். ஆனா அதோட 3வது பிரிவு திட்டத்தை நடத்தறவனை மட்டும் சொல்லல, அதுல உறுப்பினரா சேர்றதையும் சேர்க்கறதையும்கூட தடை பண்ணுது. உங்களைப் புடிச்சு உள்ள போடுவாங்கன்னு பயமுறுத்தல, ஆனா கோவத்துல ஸ்டேஷன்ல உக்காந்து நீங்களே எழுதித் தராதீங்க, உள்ளூர் வக்கீல் ஒருத்தர் பார்த்து எழுதட்டும்.

சித்தி விஷயத்துல உங்க மேல ஏமாத்தின வழக்கு நிக்கறது கஷ்டம், ஏமாத்தணும்ங்கற எண்ணம் இருந்தாகணும், நீங்களும் நம்பித்தானே சேர்த்தீங்க. சித்தியையும் உங்ககூட கம்பெனிக்கு தனியா புகார் எழுதச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, கட்டிலுக்கு அடியில இருக்கற அந்த ரெண்டு பெட்டியை பாதி விலைக்காவது தள்ளிடலாம்னு அக்கம்பக்கத்துல குடுத்துடாதீங்க. இது வரைக்கும் தெரியாம பண்ணீங்க, இனி வித்தா தெரிஞ்சு விக்கறது, கணக்கே வேற.

மானநஷ்டம்னு மிரட்டறாரே, அவதூறுக்கு பத்து விதிவிலக்கு இருக்கு, பத்தாவது, கேக்கறவங்க நன்மைக்காக நல்லெண்ணத்தோட பண்ற எச்சரிக்கை. சொந்தக்காரங்களுக்கு நீங்க சொன்னது அந்த வகைதான். அதுக்காக "திருடன்"னு பேர் போட்டு திட்டாதீங்க, என்ன நடந்துச்சோ அதை மட்டும் தேதியோட சொல்லுங்க. அந்த வாய்ஸ் மெசேஜை இப்பவே பேக்கப் எடுங்க, போனை மாத்தாதீங்க, எக்ஸ்சேஞ்ச்லயும் குடுக்காதீங்க. மின்னணு ஆதாரத்துக்கு கோர்ட்ல ஒரு சான்றிதழ் கேப்பாங்க, அந்த போன் உங்க கையில இருந்தாத்தான் அது சுலபம்.

கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, லீடர் பாதி பணம் தர்றேன், ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுன்னு கேக்கறார்னு. அதுல "எனக்கு எந்தப் புகாரும் இல்லை"ன்னு ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். போடலைன்னா போடாதீங்க, போட்டுட்டீங்கன்னா அந்தப் பேப்பர் காப்பியை முதல்ல அனுப்புங்க, அதைப் பார்த்துட்டுத்தான் நான் மேல சொன்னதுல எது நிக்கும், எது நிக்காதுன்னு சொல்ல முடியும்.