வாசகர் கேள்வி-பதில்: ஒரு பூட்டுக்கு எத்தனை சாவிகள்?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தை ஆடிவருகிறேன். வெற்றி பெற்றவர்களின் சீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்து ஆட எனக்கு மனம் வரவில்லை. பழைய சீட்டுகளையும் அனுமதிக்கும் லெகசி ஆட்டமுறைக்காக, டார்க் டெப்த்ஸ், வாம்பயர் ஹெக்ஸ்மேஜ் ஆகியவற்றில் நந்நான்கு சீட்டுகளை வைத்து 60 சீட்டுகள் கொண்ட காம்போ (குறிப்பிட்ட சீட்டுகள் ஜோடி சேர்ந்து வெல்லும்) கட்டு ஒன்றை அமைத்தேன். ஒன்று கைக்கு வந்தால் மற்றொன்று வருவதில்லை. இந்த யோசனையையே கைவிட்டுவிடலாமா?

பதில்: கைவிட வேண்டாம். கோளாறு நீங்கள் தேர்ந்தெடுத்த சீட்டில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

2006-இல் கோல்ட்ஸ்னாப் தொகுப்பில் வெளிவந்த டார்க் டெப்த்ஸ், மானா (மற்றச் சீட்டுகளை ஆடச் செலவிடும் சக்தி) தராத ஒரு நிலச் சீட்டு. அது பத்துப் பனிக் கவுண்டர்களுடன் (சீட்டின்மேல் வைக்கும் அடையாள வில்லைகள்) மேசைக்கு வருகிறது. ஒவ்வொன்றையும் அகற்ற 3 மானா வீதம், மொத்தம் 30 மானா செலவிட்ட பிறகே, உள்ளே உறைந்துகிடக்கும் மாரிட் லேஜ் என்ற 20/20 (தாக்கும் திறன் 20, தாங்கும் திறன் 20) வலிமையுள்ள, பறக்கும் உயிரினம் வெளிவரும். ஆட்டக்காரர்கள் 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவதால், அதன் ஒரே அடியில் ஆட்டம் முடிந்துவிடும். 2009-இல் ஜெண்டிகர் தொகுப்பில் வந்த ஹெக்ஸ்மேஜோ, இரண்டே மானாவுக்கு மேசைக்கு வந்து, தன்னைப் பலியிட்டு அந்தப் பத்துக் கவுண்டர்களையும் ஒருசேர நீக்கிவிடுகிறது. வழக்கத்தில் இல்லாத காம்போவைத் தேடுபவர், இப்படிக் கட்டவே முடியாத விலை எழுதப்பட்ட சீட்டை முதலில் எடுத்துக்கொண்டு, அந்த விலையைக் கட்டாமல் தாண்டும் வழியைப் பிறகு தேட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

இனி கணக்குக்கு வருவோம். முதலில் ஆடுபவர் நான்காவது சுற்றுக்குள் பத்துச் சீட்டுகளைப் பார்த்திருப்பார். அந்தப் பத்தில் நான்கு டெப்த்ஸில் ஒன்றும் நான்கு ஹெக்ஸ்மேஜில் ஒன்றும் சேர்ந்து இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 26 மட்டுமே. நான்கு ஆட்டங்களில் மூன்றில் உங்கள் கை வெறுமையாக நிற்பதற்கு உங்கள் அதிர்ஷ்டம் காரணமன்று.

ஆகவே டெப்த்ஸ் என்ற பூட்டுக்கு, ஹெக்ஸ்மேஜ் தவிர இரண்டாவது சாவியும் வேண்டும். அது தெஸ்பியன்ஸ் ஸ்டேஜ். 2013-இல் கேட்கிராஷ் தொகுப்பில் வந்த இந்த நிலம், 2 மானா செலவிட்டால் மேசையிலுள்ள வேறொரு நிலத்தின் நகலாக உருமாறும். அதை டெப்த்ஸின் நகலாக்கினால், அது புதிதாக மேசைக்கு வந்ததன்று, இருந்த இடத்திலேயே உருமாறியது என்பதால், அதன்மீது ஒரு பனிக் கவுண்டரும் இராது. லெஜண்டரி முத்திரையும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு சீட்டுகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பதால், பத்துக் கவுண்டர்கள் உள்ள அசலை விட்டுவிட்டு வெறும் நகலை வைத்துக்கொள்கிறீர்கள். அடுத்த கணமே மாரிட் லேஜ் எழுகிறது. 2013 ஜூலைக்கு முந்தைய விதிப்படி இரண்டு சீட்டுகளுமே போயிருக்கும். விதியில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் இந்த காம்போவுக்கு உயிர் கொடுத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. விதிமுறைத் திருத்தங்களைச் சீட்டுகளைப் போலவே ஊன்றிப் படியுங்கள்.

நான்கு ஸ்டேஜைச் சேர்த்ததும் அந்த 26 என்பது 40 ஆக உயர்கிறது. ஒரு நிலத்தைப் பலியிட்டு, கட்டிலிருந்து எந்த நிலத்தையும் நேராக மேசைக்குக் கொண்டுவரும் கிராப் ரொட்டேஷன் நான்கைச் சேர்த்து, அவற்றை டெப்த்ஸாகவே எண்ணிக்கொண்டால் 61-ஐத் தொடுகிறது. அதற்குப் பச்சை மானா தேவை என்பதால், கறுப்புடன் பச்சையையும் தரும் நிலங்களுக்கு இடம் விடுங்கள். பிறகு எதிராளி இல்லாமலே கட்டைக் கலைத்துப் பத்துச் சீட்டுகளை மேசைமேல் விரியுங்கள். இருபது முறை இப்படிச் செய்து, எத்தனை முறை ஜோடி சேர்ந்தது, எத்தனை முறை மானா போதவில்லை என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எந்தச் சீட்டை எடுத்துவிட வேண்டும் என்பதை அந்தத் தாள் காட்டிவிடும்.

கேள்வி: மாரிட் லேஜை வெளியே கொண்டுவந்தாலும், எதிராளி ஒரே சீட்டால் அதை நீக்கிவிடுகிறார். ‘அழிக்க முடியாதது’ என்றல்லவா எழுதியிருக்கிறது?

பதில்: அழிப்பது வேறு, ஆட்டத்தைவிட்டு விலக்குவது வேறு. ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் என்ற சீட்டு ஒரு வெள்ளை மானாவுக்கு அதை விலக்கிவிடும்; உங்களுக்கு 20 உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும், ஆனால் வெற்றி கைநழுவும். கராக்காஸ் நிலம் அதைக் கைக்குத் திருப்பினால், அது டோக்கன் (கட்டிலுள்ள சீட்டாக இல்லாமல் ஆட்டத்தின் நடுவே உருவாவது) என்பதால் மறைந்தே போகும். ஆகையால் முதலில் தாட்ஸீஸ் என்ற சீட்டைப் போட்டு எதிராளியின் கையைப் பார்த்து, ஸ்வோர்ட்ஸ் இருந்தால் அதைக் கழிக்கச் செய்யுங்கள். அடுத்து, உங்கள் சுற்றில் அவசரப்பட்டு எதையும் செய்யாமல், எதிராளியின் சுற்று முடியும் கட்டத்தில் ஹெக்ஸ்மேஜையோ ஸ்டேஜையோ பயன்படுத்துங்கள். புதிதாக வந்த உயிரினம் உடனே தாக்க முடியாது என்ற தடை, உங்கள் சுற்று தொடங்கும்போது நீங்கியிருக்கும். எதிராளி மானா எல்லாவற்றையும் செலவிட்டுவிட்டு நிற்கும் சுற்றாகப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி: இதே கட்டை மாடர்ன் என்ற மற்றோர் ஆட்டமுறையில் ஆடலாமா?

பதில்: ஆட முடியாது. 2011-இல் மாடர்ன் முறை தொடங்கியபோதே டார்க் டெப்த்ஸ் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது.