மூடாத கோப்பு

கேள்வி: நீலகிரியில் காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, துப்புத் துலங்காத ஒரு கொலை வழக்கின் குறிப்பேட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அவருக்கேற்ற ஒரு படம் சொல்லுங்கள். அந்த வழக்கை அவர் இப்போது விசாரிக்க முடியுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: 2009-இல் வெளியான 'தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்' என்ற அர்ஜென்டினா படத்தைக் காட்டுங்கள். ஓய்வுபெற்ற நீதிமன்றப் புலனாய்வாளர் ஒருவர், 1974-இல் நடந்த கொலையை மறக்க முடியாமல் கால் நூற்றாண்டுக்குப் பின் அதை நாவலாக எழுத உட்காருகிறார். அவருக்குக் கிடைப்பதோ 'ஏ' (A) எழுத்து விழாத பழைய தட்டச்சுப்பொறி. நள்ளிரவில் விழித்து அவர் தாளில் கிறுக்கும் 'தேமோ' (temo), அதாவது ஸ்பானிய மொழியில் 'அஞ்சுகிறேன்' என்ற சொல்லில் அந்த ஓர் எழுத்து பின்னர் எங்கே சேர்கிறது என்பதை உங்கள் அப்பாவே கண்டுபிடிக்கட்டும். கால்பந்து மைதானத்தில் நடக்கும் துரத்தல் காட்சியைத்தான் எல்லாரும் புகழ்வார்கள். எனக்கென்னவோ அந்தத் தட்டச்சுப்பொறியே மனத்தில் நின்றது. கொடூரமான காட்சி உண்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

ஓய்வுபெற்றவருக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால், கொலை வழக்குக்கு நம் சட்டத்தில் காலவரம்பு கிடையாது என்பதால், புதிய சான்று கிடைத்தால் காவல்துறை மேல்விசாரணை நடத்தலாம். குறிப்பேட்டின் நகலை இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அவர் மனு எழுதட்டும். மூலம் பீரோவிலேயே இருக்கட்டும்.