குஞ்சுங்க தாயைக் கொத்துதே, பிரிச்சிடலாமா?

கேள்வி: அண்ணா, மூணு அடி தொட்டியில ஆறு ஆரஞ்சு குரோமைட் மீன் வச்சிருக்கேன். அதுல ஒரு ஜோடி உடைஞ்ச பூந்தொட்டி ஓட்டுல முட்டை போட்டு, இப்ப குஞ்சுங்க நீந்துது. ஆனா ரெண்டு நாளா எல்லாம் சேந்து பெரிய மீன் உடம்பையே கொத்துது, பாக்கவே பாவமா இருக்கு. தாயை தனியா எடுத்துடவா?
- வாசகி, காரைக்கால்

பதில்: எடுக்காதீங்கம்மா, தயவுசெஞ்சு எடுக்காதீங்க! அது கடி இல்ல, பால்குடி மாதிரின்னு வச்சுக்கோங்க. பெரிய மீன் தோல்மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்குல்ல, குஞ்சுங்க அதைத்தான் திங்குது, தாய் மட்டுமில்ல தகப்பனும் குடுக்கும். கண்ணாடிகிட்ட அசையாம உக்காந்து பாருங்க, ஒரு குஞ்சு விருட்டுனு வந்து விலாவுல வாயை வச்சுட்டு அப்படியே திரும்பிப் போகும், அடுத்தது வரும், பெத்ததுங்க விலகாம நிக்கும். வயித்துக்குக் கீழ இருக்குற கறுப்புத் துடுப்பை படபடன்னு அடிச்சா குஞ்சுங்க கிட்ட ஓடி வரும், அதான் அதுங்க கூப்புடுற பாஷை. நான் மொத தடவை உங்கள மாதிரியே பயந்து பிரிச்சுட்டு பாதி குஞ்சை இழந்தேன், இன்னைக்கும் மனசு கேக்கல.

எடுக்கணும்னா மத்த நாலையும் எடுங்க, குஞ்சோட இருக்குற ஜோடி அதுங்கள விட்டுவைக்காது. பூச்சு மட்டும் பத்தாது, முட்டையிலேருந்து அப்பப்ப பொரிஞ்சு வந்த ஆர்ட்டீமியா, அதாவது பொடி உப்புநீர் இறால் குஞ்சு, தினம் ரெண்டு மூணு வேளை குடுங்க. பவர் ஃபில்டர் இருந்தா குஞ்சை இழுத்துடும், ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாத்திடுங்க.

கேள்வி: என்கிட்ட இருக்குற குரோமைட் நிறம் வெளுத்து துடுப்புல பஞ்சு மாதிரி வருது. சுத்தமான ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்துறேன்.
- வாசகர், சென்னை

பதில்: அந்த ஆர்.ஓ. தண்ணிதாங்க பிரச்சனை. இது நம்ம தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் கழிமுகம், காயல், உப்பும் நல்ல தண்ணியும் கலக்குற எடத்துல வாழுற மீன், தாது எல்லாம் உருவுன தண்ணி இதுக்கு ஒத்துக்காது. கொஞ்சம் கடினமான போர் தண்ணியே இதுக்கு நல்லது, குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் வச்சு ஊத்துங்க. 10 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அயோடின் சேக்காத கல்லுப்பைக் கரைச்சு சேருங்க, செடி இருந்தா அளவைக் குறைச்சுக்கோங்க. ஒரே நாள்ல மொத்தத் தண்ணியையும் மாத்திடாதீங்க, மூணு நாளைக்கு ஒருக்கா கால்வாசி போதும். அடியில கறுப்பு மணலும் ஒளிஞ்சுக்க ரெண்டு கல்லும் போட்டு வைங்க, பயம் போனா அந்த ஆரஞ்சுப் புள்ளி வரிசை தானா எடுப்பாத் தெரியும்.