12 நாள் தொட்டியில் அம்மோனியா 2: கப்பி சாவது ஏன்?

வணக்கம் சகோ. சுங்கை சிப்புட்டில் புதுத் தொட்டி வைத்து 12 நாளில் 8 கப்பி மீனில் 3 செத்தது, தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது, டெஸ்டில் அம்மோனியா 2 ppm (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0 என்று எழுதியிருந்தீர்கள். வெளுப்பை விடுங்கள், அது தானாகத் தெளியும். கொல்வது மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் வரும் அம்மோனியாதான்.

நைட்ரைட் 0 என்றால், அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. கடைக்காரர் சொன்னபடி ஃபில்டர் பஞ்சை வாரம் ஒருமுறை பைப் தண்ணீரில் கழுவினீர்களே, அங்கேதான் வம்பு. அந்தப் பாக்டீரியா குடியேறுவது பஞ்சில்தான். பைப் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். நானும் முதல் தொட்டியில் இதே கூத்தைத்தான் அடித்தேன்.

இன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா 1 ஆகும். நாளையும் பாதி. புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, சில ஊர் பைப் தண்ணீரில் இருக்கும்) போகாது. தீனி இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை போதும்.

அப்புறம் நைட்ரைட் ஏறும், பயப்படாதீர்கள், தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள். இரண்டும் 0 ஆக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தெரிந்தவர் யாரிடமாவது பழைய தொட்டி இருந்தால் ஒரு துண்டு அழுக்குப் பஞ்சு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் போடுங்கள், சீக்கிரமே சரியாகும். அதுவரை புது மீன் வேண்டாம்.