சனிக்கிழமைச் சம்பளமும் மளிகைச் செலவும்: கேள்வி பதில்

திருப்பூரில் 22 வருடமாக மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் நம் பனியன் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆன பிறகு, ஒன்றரை ஷிப்ட் பார்த்த பல வீடுகள் ஒரு ஷிப்ட்டுக்கு இறங்கிவிட்டன. சில வீடுகளில் வாரத்துக்கு 4 நாள்தான் வேலை. கையில் காசு குறைந்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது பருப்பிலும் முட்டையிலும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறைக்க வேறு இடம் நிறைய இருக்கிறது. கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, வீட்டுக்காரருக்கு ஓ.டி. நின்றுவிட்டது. வாரம் 1,500 ரூபாய் குறைகிறது. நாங்கள் 4 பேர். எதிலிருந்து ஆரம்பிப்பது?

வாங்கும் அளவிலிருந்து ஆரம்பியுங்கள். சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மேல் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது என்ன தெரியுமா? சின்ன எண்ணெய் பாக்கெட் இரண்டு, 50 கிராம் டீத்தூள், 5 ரூபாய் சாம்பார் பொடி நாலு, கால் கிலோ பருப்பு. புதன்கிழமை அதே ஆள் திரும்ப வந்து அதையே கேட்பார். சம்பளம் வாரத்துக்கு வருவதால் சாமானும் வாரத்துக்கு வாங்குகிறோம். நம் ஊரில் காசு அதிகம் போகிற ஓட்டை இதுதான்.

அந்தப் பொடி பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். 8 கிராம் 5 ரூபாய் என்றால் கிலோ 625 ரூபாய். மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தால், அரவைக் கூலியோடு சேர்த்தும் அதில் பாதி ஆகாது.

"மாதத்துக்கு மொத்தமாக வாங்க ஏது காசு?" என்று கேட்பீர்கள். மொத்தமாக வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஒரு சாமானை மட்டும் ஒரு மாத அளவுக்கு வாங்குங்கள். முதல் வாரம் எண்ணெய். மற்றதெல்லாம் வழக்கம்போலச் சின்ன அளவிலேயே இருக்கட்டும். இரண்டாவது வாரம் பருப்பு வகை. மூன்றாவது வாரம் மிளகாய், மல்லி, புளி. நாலாவது வாரம் டீத்தூள், சோப்பு. முதல் மாதம் கொஞ்சம் இழுக்கும், மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து எல்லாச் சாமானும் பெரிய அளவின் விலைக்கு வந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். டப்பா நிறைய இருந்தால் கை தாராளமாகப் போகும். அதனால் அந்த வாரத்துக்கு வேண்டிய எண்ணெயைச் சின்ன பாட்டிலில் அளந்து ஊற்றி அடுப்பு மேடையில் வையுங்கள். பெரிய கேன் பரண்மேல் இருக்கட்டும். சனிக்கிழமைக்கு முன்னால் அதில் கை வைக்கக் கூடாது. இதைச் செய்யாதவர்களுக்கு மொத்தமாக வாங்கியும் ஒன்றும் மிஞ்சவில்லை. கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

அரிசி மூட்டையில் 26 கிலோ என்று போட்டிருக்கிறதே, ஒரு கிலோ இலவசமா?

இல்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை மூட்டை கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவைத் தாண்டினால் வரி கிடையாது. அதனால்தான் ஆலைக்காரர்கள் 26 ஆக்கினார்கள். உங்களுக்கு நல்லதுதான். ஆனால் இன்னொரு கடையின் 25 கிலோ மூட்டையோடு ஒப்பிடும்போது கிலோ விலையை வகுத்துப் பாருங்கள். மூட்டை விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சாக்கில் இருந்து எடை போட்டுத் தரும் உதிரி அரிசி, பருப்புக்கும் இந்த வரி இல்லை.

எந்த சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் நன்றாக இருக்கும்?

ஆஃபரைத் தேடிப் போகிறவர் பை நிறையத்தான் திரும்புவார். சீட்டு எழுதிக்கொண்டு போங்கள், எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

எண்ணெய் பாக்கெட் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரே மாதிரி தெரிவது கண்ணுக்குத்தான். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை வரும். இப்போது அதே உயரப் பாக்கெட்டில் 850, 800 கிராம் என்றும் வருகிறது. பாக்கெட்டில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலை மலிவு என்று டின்னில் இருந்து ஊற்றித் தரும் உதிரி எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படி விற்பதற்கே சட்டத்தில் தடை இருக்கிறது. கலப்படத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் ரேஷன் கார்டு ராமநாதபுரத்தில் இருக்கிறது. இங்கே வாடகை வீடு. ஊருக்குப் போகும்போதுதான் வாங்க முடிகிறது.

தம்பி, கார்டில் பெயர் உள்ள ஒருவர் போய்க் கைரேகை வைத்தால் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. மாதக் கடைசியில் போகாதீர்கள், நடுவிலேயே போய்விடுங்கள். அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். 4 பேர் என்றால் 20 கிலோ. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். பருப்பு வெளி விலையில் பாதிக்கும் கீழே. ஒரு மாதம் விட்டாலும் அது திரும்ப வராது. வாங்கியதும் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத சாமான் அதில் இருந்தால் புகார் எண் 1967க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசாதீர்கள் அக்கா. அதில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள். ஊறப்போட்டால் மிதக்கிறது. எங்கள் வீட்டில் அதை வாங்கி அப்படியே 5 ரூபாய்க்கு விற்றுவிட்டு, கடை அரிசி வாங்குகிறோம்.

இதற்குப் பதில் சொல்லாமல் நகர மாட்டேன். இந்த ஒரு வதந்தியால் எத்தனை வீட்டில் மாதம் 20 கிலோ அரிசி வீணாகிறது என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுக்கிறார்கள். 100 கிலோ அரிசிக்கு அது ஒரு கிலோ கலக்கும். மாவில் செய்தது என்பதால் எடை கொஞ்சம் லேசு, அதனால் சில மணிகள் மிதக்கும். முறத்தில் ஒரு கைப்பிடி பரப்பிப் பாருங்கள். மற்ற அரிசி கண்ணாடி மாதிரி லேசாக மின்னும். இது மங்கலாக, சுண்ணாம்பு பூசியது மாதிரி இருக்கும். வாயில் போட்டு மென்றால் மாவாகக் கரையும்.

நீங்கள் அரசாங்கத்துக்காகப் பேசுகிறீர்கள். சோற்றை உருண்டை பிடித்து எறிந்தால் பந்து மாதிரி குதிக்கிறதே! வீடியோவே இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கடை அரிசிச் சோற்றையும் அழுத்தி உருண்டை பிடித்து எறிந்து பாருங்கள், அதுவும் குதிக்கும். வெந்த சோற்றில் மாவுச்சத்துப் பசை இருக்கிறது, நடுவில் காற்றும் இருக்கிறது. இன்னொன்று யோசியுங்கள். பிளாஸ்டிக் மணி கிலோ என்ன விலை என்று பனியன் கம்பெனிக்குக் கவர் சப்ளை செய்கிற யாரையாவது கேளுங்கள். அரிசியைவிட விலை கூடிய ஒன்றை அரிசியில் கலந்து யாருக்கு என்ன லாபம்? பிளாஸ்டிக் வேகாது, குழையாது, மறுநாள் பழைய சோறாகப் புளிக்காது. உங்கள் வீட்டுச் சோறு புளிக்கிறது இல்லையா?

என் மாமியார் 50 வருடமாகச் சமைக்கிறார். "முன்னே ரேஷன் அரிசியில் இது கிடையாது, புதுசா என்னமோ கலக்குறாங்க" என்கிறார். அவர் சொல்வது பொய்யா?

பொய்யே இல்லை. மாமியார் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. முன்னே இது கிடையாது. நம் ஊர் ரேஷன் கடைகளில் 2023க்கு அப்புறம்தான் பரவலாக வந்தது. புதுசாகக் கலக்கிறார்கள் என்பது உண்மை, பிளாஸ்டிக் என்பதுதான் தப்பு. கடை வாசலில் நின்று இதை விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லாததால் வந்த பயம் இது. அவரையே மென்று பார்க்கச் சொல்லுங்கள்.

நான் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். நீங்கள் சொல்வது சரி. அதே அரிசிதான் எங்களுக்கும் வருகிறது, பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். களையும்போது மிதப்பதைக் கொட்டாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றி அம்மா. நான் பத்து வரியில் சொன்னதை நீங்கள் ரெண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

எனக்கு தலசீமியா என்ற ரத்த நோய் இருக்கிறது. இந்த அரிசியைச் சாப்பிடலாமா?

இரும்புச் சத்து சம்பந்தப்பட்டது. உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நான் சொல்லக் கூடாது.

நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகும் ரேஷன் அரிசியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாடை வேறு அடிக்கிறதே.

வாடை அடிப்பது சாக்கிலும் கிடங்கிலும் கிடந்த வாடை. வாங்கி வந்ததும் நிழலில் ஒரு நாள் பரப்பிவிடுங்கள். மூன்று தண்ணீரில் களைந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சோறாகப் பிடிக்கவில்லையா, இட்லிக்குப் போடுங்கள். ரேஷன் புழுங்கல் நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். மாவு பாக்கெட் வாங்குகிற வீட்டில் இந்த ஒரு மாற்றமே தனியாகத் தெரியும். விற்பதை மட்டும் விடுங்கள். அது குற்றம். அதோடு, 5 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு பத்து மடங்கு கொடுத்து வேறு வாங்குகிறீர்கள். இந்தப் பேச்சை இதோடு முடிக்கிறேன். அரிசி பற்றி இன்னும் ஏழெட்டுக் கேள்வி வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சொன்னதுதான் பதில்.

சாம்பாருக்குத் துவரம் பருப்பு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பருப்பே இல்லாமல் குழம்பு வைக்கலாமா?

வாரத்தில் ஒரு நாள் வைக்கலாம், தினமும் கூடாது. வேலைக்குப் போகிற உடம்புக்கும் வளருகிற பிள்ளைக்கும் பருப்புதான் தெம்பு. ரேஷன் துவரையோடு பாதிக்குப் பாதி மைசூர் பருப்பு கலந்து பாருங்கள். கடைத் துவரையைவிட விலை குறைவு, சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம். துவரையை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, புளியும் உப்பும் கடைசியில் சேருங்கள். ரேஷன் பருப்பு வேகவில்லை என்பவர்களுக்கும் இதுதான் வழி.

பையன் அரசுப் பள்ளியில் 3ஆம் வகுப்பு. காலைச் சாப்பாடு அங்கே போடுகிறார்கள். ஆனால் அங்கே சாப்பிட்டால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று வீட்டிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

தங்கச்சி, எதுவும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும். காலையில் சூடாகப் பொங்கலோ கிச்சடியோ, மத்தியானம் சோறும் முட்டையும் கிடைக்கிறது. பள்ளி நடக்கும் 5 நாளும் முட்டை உண்டு. அது உங்கள் பிள்ளைக்கு உரியது. கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் பையன் இன்னும் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிடுவான். நாளைக்கே அனுப்புங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிறார்களே, வாங்கலாமா?

இது மேலே கேட்டதேதான். சீட்டில் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

காய்கறி?

தென்னம்பாளையம் உழவர் சந்தைக்குப் போங்கள். பலகையில் அன்றைய விலை எழுதியிருப்பார்கள். நல்ல காய் வேண்டுமென்றால் விடியற்காலையில், விலை இறங்க வேண்டுமென்றால் சந்தை முடிகிற நேரத்தில். ரெண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. சீட்டில் தக்காளி என்று எழுதாதீர்கள், "நாலு வகைக் காய், எது மலிவோ அது" என்று எழுதுங்கள். மீனுக்கும் அதே கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை, அப்போது விலை ஏறும். அந்த ரெண்டு மாதம் முட்டையை வைத்து ஓட்டுங்கள். மற்ற நாளில் மத்தி வாங்குங்கள். மலிவும் சத்தும் அதில்தான்.

புளி விலையைச் சொல்லவே இல்லையே அக்கா.

வருடத்துக்குச் சேர்த்து வாங்குவதென்றால் பருவம் பார்த்து வாங்குங்கள், அதுவரை மாத அளவே போதும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். மூன்று வீடு சேர்ந்து கொட்டை எடுக்காத புளியாக வாங்கி, உட்கார்ந்து கொட்டை எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்துப் பானையில் அடைத்தால் அடுத்த மாசி வரை வரும். மிளகாய், மல்லிக்கும் அதே பருவம்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. என்ன சாமான் வாங்கிக் கொடுக்கலாம்?

மருத்துவரிடமோ, நீங்கள் போகிற மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இருந்தால் அவரிடமோ கேளுங்கள்.

போனில் ஒரு ஆப் "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்கிறது. மளிகைக்கு எடுக்கலாமா?

வேண்டாம். தின்று தீர்ந்துபோகிற பொருளுக்குத் தவணை கட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று அக்கா. வழக்கமாக வாங்கும் கடையில் 6,800 ரூபாய் பாக்கி. கொடுக்க முடியாததால் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. வேறு கடையில் கைக்காசுக்கு வாங்குகிறேன். தூக்கம் வரவில்லை.

கல்லாவின் இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், கேளுங்கள். பாக்கி வைத்தவர் மேல் கடைக்காரருக்குக் கோபம் வருவது தொகையால் இல்லை. தெருவை மாற்றிக்கொண்டு போவதால்தான். எதிரே வந்து "இவ்வளவுதான் முடியும்" என்று சொன்னவரிடம் நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நேரே போங்கள். நோட்டை எடுக்கச் சொல்லி 6,800க்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்குக் கீழே இனி எதுவும் கடன் ஏறாது, வாங்குவதெல்லாம் கைக்காசு. கோட்டுக்கு மேலே இருப்பதற்கு வாரம் 200 ரூபாய். 34 வாரத்தில் தீரும். 200 முடியாத வாரம் 50 ரூபாயாவது கொடுங்கள், வெறுங்கையோடு மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்களும் ஒரு நோட்டு வைத்து, கொடுத்த தேதியை எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். கடனுக்கு வாங்குகிறவருக்கு விலை கேட்கவும் எடை பார்க்கவும் வாய் வராது. கைக்காசுக்கு மாறியதும் அது தானாக வந்துவிடும்.

சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். புதன்கிழமை மத்தியானம் 3 மணிக்குப் போங்கள். அப்போது கடையில் அவர் மட்டும்தான் இருப்பார்.